கூப்பிடு தூரம்: க்ளான்கரியிலிருந்து ஜூலியா கிரீக் வரை

வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்து இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிலருக்கு இப்போது விடிகாலை, சிலருக்கு நள்ளிரவு. தூரத்தையும் நேரத்தையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கூட்டம் கிடைக்காது.

வெளிநாட்டில் வாழ்கிற நாம் எல்லோரும் அடிக்கடி செய்கிற வேலை ஒன்று உண்டு. இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று பார்ப்போம். பல சமயம் டிக்கெட் வாங்கும் எண்ணம்கூட இருக்காது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தொலைபேசி வந்தால் போதும், விரல் தானாக அந்தக் கணக்குக்குப் போய்விடும். திரையில் வரும் எண் நமக்கு ஒரு தைரியம். ‘இத்தனை மணி நேரத்தில் போய்விடலாம்.’

இன்று இரண்டு சிறிய விமான நிலையங்களை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையிலிருந்து வெகு உள்ளே இருக்கும் க்ளான்கரி, ஜூலியா கிரீக். உங்களில் பலர் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் விமானப் பயண நேரம் என்ற கணக்கு ஒரு நோயாளியின் கட்டிலருகே வந்து நின்ற வரலாறு இந்த இரண்டு ஊர்களுக்கிடையில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன, தெற்கு 20 பாகை 40 கலை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கிட்டத்தட்ட நேர் கிழக்காகப் பறந்தால் போதும். தீர்க்கரேகையில் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் 1.22 பாகை. பூமத்திய ரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். துருவத்தை நோக்கிப் போகப் போக அது சுருங்கும். இந்த ஊர்கள் இருக்கும் இடத்தில் ஒரு பாகைக்கு 104 கிலோமீட்டர். பெருக்கினால் வான்வழித் தூரம் சுமார் 127 கிலோமீட்டர். சாலையில் போனால் இன்னும் கொஞ்சம் கூடுதல். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்வதானால், சென்னையிலிருந்து வேலூர் போகிற தூரம். ஈழத்துக்காரர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா.

இன்றைய மருத்துவ விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து இருபது நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்த இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நூறு ஆண்டுகளுக்குமேல் பின்னால் போக வேண்டும்.

1917 ஆகஸ்ட். இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே ஹால்ஸ் கிரீக். ஜிம்மி டார்சி என்ற இளைஞர் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். குதிரையிலிருந்து விழுந்து உள்ளுறுப்பில் பலத்த காயம். பண்ணையிலிருந்து ஹால்ஸ் கிரீக்குக்குச் சுமார் 80 கிலோமீட்டர். கரடுமுரடான பாதையில் வண்டியில் கிடத்தி, பன்னிரண்டு மணி நேரம் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தார்கள். ஊரில் மருத்துவர் இல்லை. முதலுதவி தெரிந்தவர் ஒருவர் இருந்தார், தபால் நிலைய அதிகாரி டக்கெட். அவர் தந்தி அடித்து, தனக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்த மருத்துவர் ஹாலண்டைப் பிடித்தார். ஹாலண்ட் இருந்ததோ பெர்த் நகரத்தில், மாநிலத்தின் மறுகோடியில்.

அறிகுறிகளைத் தந்தியில் கேட்டுக்கொண்ட ஹாலண்ட், சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறது, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். கருவிகள் இல்லை என்றார் டக்கெட். பேனாக்கத்தி இருக்கிறதா என்று பதில் வந்தது. பேனாக்கத்தியும், கிருமி போக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்டு, மயக்க மருந்து இல்லாமல், மோர்ஸ் தந்தியில் வரிவரியாக வந்த உத்தரவைப் படித்துப் படித்து, ஒரு தபால்காரர் அந்த இளைஞருக்கு அறுவை செய்தார். ஆனாலும் டார்சி தேறவில்லை. ஹாலண்ட் தாமே புறப்பட்டார். கால்நடைகளை ஏற்றும் கப்பலில் டெர்பி துறைமுகம் வரை, அங்கிருந்து காரில், கார் கைவிட்ட இடத்தில் நடந்து, ஹால்ஸ் கிரீக் போய்ச் சேர்ந்தார். டார்சி அதற்கு முந்தைய நாள் இறந்திருந்தார். அறுவைச் சிகிச்சை சரியாகவே நடந்திருந்தது. உயிரைக் கொண்டுபோனதில் மலேரியாவுக்குப் பங்கு இருந்தது என்று பிறகு தெரிந்தது.

இந்தச் செய்தியை நாடு முழுக்கப் பத்திரிகைகளில் படித்தார்கள். நர்ஸ் வேலை பார்க்கிறவளாக எனக்கு இதில் உறைக்கிற விஷயம் ஒன்று. செய்தி போக நிமிடங்கள் பிடித்தன, மருத்துவர் வர நாட்கள் பிடித்தன. நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்த பிறகும், செய்யத் தெரிந்த கை வந்து சேரவில்லை. டார்சி அந்த இடைவெளியில்தான் இறந்தார்.

அந்த இடைவெளியைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவர் போதகர் ஜான் ஃபிளின். 1880-இல் பிறந்தவர், பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். 1912-இல் அந்தச் சபை ஆஸ்திரேலிய உள்நாட்டு ஊழியத்தைத் தொடங்கி அவரைப் பொறுப்பில் வைத்தது. அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று தொலைதூர ஊர்களில் சிறு சிறு மருத்துவ விடுதிகளை அமைத்து, அங்கே நர்சுகளை அனுப்பியது. விமானம் வருவதற்கு முன்பே அங்கே பெண்கள் போய்விட்டார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். வெயிலிலும் புழுதியிலும், பக்கத்தில் ஒரு மருத்துவர்கூட இல்லாமல், பிரசவமும் காய்ச்சலும் எலும்பு முறிவும் பார்த்தவர்கள் அவர்கள்.

அதே 1917-இன் கடைசியில் ஃபிளினுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிளிஃபர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர். முதல் உலகப் போருக்கு விமானியாகப் போய்க்கொண்டிருந்தார். கப்பல் ஏறும் நேரத்தில் அவர் எழுதியது போரைப் பற்றி அல்ல. விமானத்தில் மருத்துவரை அனுப்பினால் எந்த ஊரை மையமாக வைக்கலாம், என்ன வேகத்தில் போகலாம், என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தார். அவர் சொன்ன மையங்களில் ஒன்று க்ளான்கரி. நாம் இன்று திரையில் தட்டிப் பார்க்கிற தூர நேரக் கணக்கை, ஒரு நோயாளிக்காக ஓர் இளைஞர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். 1918-இல் பிரான்சில் போரில் அவர் இறந்துபோனார். வயது 24. ஃபிளின் அந்தக் கடிதத்தைத் தமது ‘இன்லாண்டர்’ இதழில் வெளியிட்டார்.

கணக்கு சரி. பணம்? அடுத்த பத்து ஆண்டுகள் ஃபிளின் அதற்காகத்தான் அலைந்தார். அறுவடை இயந்திரத் தொழிலதிபர் ஹியூ விக்டர் மெக்கே 1926-இல் இறந்தபோது, வான்வழி மருத்துவச் சோதனைக்கென 2000 பவுண்டு உயிலில் எழுதிவைத்திருந்தார். சபையும் பணம் திரட்டியது. விமானத்துக்கு அவர்கள் போனது குவாண்டாஸ் நிறுவனத்திடம். 1920-இல் குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டில் பிறந்த நிறுவனம் அது. 1922 நவம்பரில் சார்ல்வில் என்ற ஊரிலிருந்து க்ளான்கரி வரை தன் முதல் ஒழுங்கான சேவையைத் தொடங்கியிருந்தது. மருத்துவச் சேவைக்கு மைலுக்கு இரண்டு ஷில்லிங் வாடகை என்று ஒப்பந்தம். ஓராண்டுச் சோதனை.

விமானத்தின் பெயர் ‘விக்டரி’. டி ஹாவிலண்ட் டி.எச். 50 வகை, இரட்டை இறக்கை கொண்டது. முன்பக்கம் நான்கு பேர் உட்காரும் மூடிய அறை, அதற்குப் பின்னால் திறந்த வெளியில் விமானியின் இருக்கை. வேகம் மணிக்கு 80 மைல், அதாவது சுமார் 130 கிலோமீட்டர். விமானத்தில் வானொலி கிடையாது. வழி காட்ட ஆறு, வேலி, தந்திக் கம்பி, ரயில் தண்டவாளம் இவைதான். விமானி ஆர்தர் அஃப்லெக். மருத்துவர் சிட்னியைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்யான் செயின்ட் வின்சென்ட் வெல்ச்.

1928 மே 17. க்ளான்கரியிலிருந்து புறப்பட்டு அவர்கள் போய் இறங்கிய ஊர் ஜூலியா கிரீக். அந்தப் பயணத்தைப் பற்றிய குறிப்புகளில் தூரம் 85 மைல் என்று சொல்லப்படுகிறது. நூறு பேருக்குமேல் திடலில் வந்து நின்று வரவேற்றார்கள். வெல்ச் அங்கிருந்த சிறு மருத்துவமனையில் சின்ன அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார்.

அன்றைய நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். காற்று இல்லாத நாளில் 80 மைல் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மணிக்கு 20 மைல் எதிர்க்காற்று அடித்தால் தரையைப் பொறுத்தவரை வேகம் 60 ஆகிவிடும், பயணம் ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 50 நிமிடம் போதும். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று இன்றும் விமான அட்டவணைகளில் இருப்பதற்கு இதுதான் காரணம். வாடகை, ஒரு வழிக்கு 170 ஷில்லிங், அதாவது எட்டரை பவுண்டு.

இங்கே ஒரு கேள்வி வரும். க்ளான்கரியும் ஜூலியா கிரீக்கும் ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்கள்தானே, ரயில் இருக்கும்போது விமானம் எதற்கு? ரயில் அதன் நேரத்தில்தான் வரும். நோய் தன் நேரத்தில் வரும். அது மட்டுமல்ல, தண்டவாளம் ஊர்வரைதான் போகிறது. ஊருக்கு வெளியே ஐம்பது, நூறு, இருநூறு மைல் தள்ளிப் பண்ணை வீடுகள் இருந்தன. குவீன்ஸ்லாந்து மாநிலம் பரப்பில் தமிழ்நாட்டைப் போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. அதில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே இருந்தது பெரும்பாலும் புல்வெளியும் மணலும்தான். ஜூலியா கிரீக் பயணம் ஒரு தொடக்கம். முதல் ஆண்டில் அந்த ஒரே விமானம் 50 தடவை பறந்தது, 225 நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள்.

இனி, திரைக் கணக்கில் வராத பகுதிக்கு வருகிறேன். விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், சரி. ஆனால் வரச்சொல்லிக் கூப்பிடுவது எப்படி? பண்ணை வீட்டில் தொலைபேசி கிடையாது. குழந்தைக்கு வலிப்பு என்றால் ஒருவர் குதிரை ஏறித் தந்தி நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு நாள், சில இடங்களில் அதற்கும் மேல். ஒரு மணி நேரப் பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் காத்திருப்பு. மொத்தத் தாமதத்தைக் கூட்டினால் விமான நேரம் அதில் ஒரு சிறு துண்டுதான்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அடிலெய்டைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர். மின்சாரம் இல்லாத வீட்டில், எளிய மனிதர்கள் இயக்கக்கூடிய மலிவான ஒரு வானொலிக் கருவி வேண்டும் என்பது ஃபிளின் அவருக்குக் கொடுத்த வேலை. கையால் சுற்றும் ஜெனரேட்டரில் ஒரு தொல்லை. சுற்றுவதற்கு ஒரு கை போனால் மோர்ஸ் தட்டுவது சிரமம். டிரேகர் சைக்கிள் மிதி போல் ஒன்றைக் கீழே வைத்தார். கால் மிதிக்கும், மின்சாரம் வரும், இரண்டு கையும் சும்மா இருக்கும். 1929-இல் க்ளான்கரியில் தலைமை நிலையம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் அகஸ்டஸ் டவுன்ஸ் என்ற பண்ணையிலிருந்து முதல் மிதி வானொலிச் செய்தி போனது. மோர்ஸ் தெரியாதவர்களுக்காக, எழுத்தை அழுத்தினால் தானே மோர்ஸாக மாறிப் போகும் தட்டச்சுப் பலகையைப் பிறகு செய்தார். அதற்கும் பிறகு குரலிலேயே பேச முடிந்தது.

தமிழில் நமக்கு ஓர் அழகான அளவு உண்டு, ‘கூப்பிடு தூரம்’. ஒருவர் குரல் கொடுத்தால் இன்னொருவர் காதில் விழுகிற தூரம். அடியும் மைலும் தெரிவதற்கு முன்னால் நம் கிராமங்களில் வீட்டையும் வயலையும் இப்படித்தான் அளந்தார்கள். அந்த அளவுக்குள் இருப்பவர்தான் அவசரத்துக்கு ஓடி வருவார். தையல் இயந்திரம் மிதிப்பது போல ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மிதித்த பண்ணைப் பெண்களுக்கு, 1929-க்குப் பிறகு க்ளான்கரி கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் மருத்துவரை மட்டும் கூப்பிடவில்லை. தங்களுக்குள்ளும் பேசிக்கொண்டார்கள். வாரக்கணக்கில் இன்னொரு பெண்ணின் முகம் பார்க்காதவர்களுக்கு அந்தப் பேச்சே ஒரு மருந்து. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இதே வானொலியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கியது.

கூப்பிட்டாயிற்று. அடுத்து, வலி எங்கே என்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் நோயாளியின் உறவினரோடு பேசிய எந்த நர்ஸுக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். ‘வயிறு’ என்பார்கள். நம் ஊரில் நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை எல்லாமே வயிறுதான். ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் லூசி கார்லிக் என்ற நர்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். மனித உடம்பின் படத்தை வரைந்து ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுத்தார். வலி இத்தனையாம் எண்ணில் இருக்கிறது என்று சொன்னால் போதும். பலரும் கேட்கிற பொது அலைவரிசையில், உடம்பின் பாகங்களைப் பெயர் சொல்லக் கூச்சப்பட்ட பெண்களுக்கும் அது உதவியது.

அதற்கு முன்பே, 1942 முதல், பண்ணைகளுக்கு எண்ணிட்ட மருந்துப் பெட்டிகள் போயின. இத்தனையாம் எண் மருந்தில் ஒன்று கொடுங்கள் என்று மருத்துவர் வானொலியில் சொல்வார். சொல்லிச் சிரிக்கிற ஒரு கதை உண்டு. ஒன்பதாம் எண் தீர்ந்துபோனதால் நான்கிலும் ஐந்திலும் ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தாராம் ஒருவர். சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி இருந்த வீட்டில், விமானம் புறப்படுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிட்டது. பல நேரம் விமானமே தேவைப்படவில்லை.

கடைசியாக, இறங்க இடம் வேண்டும். மண்ணைச் சமன் செய்து ஓடுபாதை போட்டவர்கள் பண்ணைக்காரர்களே. இரவில் விமானம் வந்தால் தகர டப்பாக்களில் மண்ணெண்ணெயில் நனைத்த கழிப்பறைக் காகிதச் சுருள்களை வைத்துக் கொளுத்தி இருபுறமும் வரிசையாக வெளிச்சம் காட்டுவார்கள். ஓடுபாதையில் கங்காரு நிற்காமல் வண்டியில் போய் விரட்டுவார்கள். இன்றும் சில நெடுஞ்சாலைகளில், விமானம் இறங்குவதற்கென்று கோடு போட்டு வைத்த பகுதிகள் உண்டு. தகவல், எண்ணிட்ட படம், மருந்துப் பெட்டி, மண் ஓடுபாதை, விளக்கு, விமானி, மருத்துவர், நர்ஸ். இவ்வளவும் சேர்ந்துதான் அந்த இருபது நிமிடம். விமானத்தில் நர்ஸ் ஒழுங்காகப் போகத் தொடங்கியது 1960-களில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலான பயணங்களில் நோயாளியின் பக்கத்தில் இருப்பது அவர்தான்.

1955-இல் இந்தச் சேவைக்கு ‘ராயல்’ என்ற பட்டம் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டில் ஃபிளினின் முகத்தையும் விக்டரி விமானத்தையும் மிதி வானொலியையும் பார்க்கலாம். அங்கே வாழும் நம் நண்பர்கள் பணப்பையில் வைத்திருக்கிற வரலாறு இது.

ஆனால் வரலாறு சொல்ல வந்தவள் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபிளின் தம் ஊழியத்தை முதன்மையாக வெள்ளைக்காரக் குடியேறிகளுக்காக வைத்திருந்தார், அந்த மண்ணின் ஆதிக்குடிகளைப் போதிய அளவு எண்ணவில்லை என்ற விமர்சனம் அவர் காலத்திலேயே எழுந்தது. எழுப்பியவர்களில் ஒருவர் அதே சபையைச் சேர்ந்த மருத்துவர் சார்ல்ஸ் டூகிட். ஆதிக்குடி மக்களுக்காக எர்னபெல்லா ஊழியம் 1937-இல் உருவாக அவர் காரணமாக இருந்தார். ஃபிளின் 1951-இல் இறந்த பிறகு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே அவரது நினைவிடத்தின்மேல் வைக்க ஒரு பெரிய உருண்டைப் பாறையைக் கொண்டுவந்தார்கள். அது கார்லு கார்லு என்ற இடத்திலிருந்து எடுத்தது. கேட்டெட்யே, வாருமுங்கு மக்களுக்குப் புனிதமான இடம். அந்த மக்களின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 1999-இல்தான் பாறை திரும்பிப் போனது. அதற்குப் பதிலாக அரெர்ன்ட்டே மக்கள் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு பாறையைத் தந்தார்கள். நினைவிடத்தில் இன்று இருப்பது அதுதான்.

நான் கிறிஸ்தவப் பெண். நல்ல சமாரியன் கதையைச் சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவள். அந்தக் கதையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு மிக அருகில் முதலில் வந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் விலகிப் போனார்கள். அந்த வழியில் தூரம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. ஃபிளினின் கதையையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆயிரம் மைலைக் கடந்த ஒரு மனிதர், பக்கத்திலேயே இருந்தவர்களைக் காணாமல் இருக்கவும் முடிந்தது. அவர் செய்ததன் பெருமை இதனால் அழிந்துவிடாது. பெருமையைச் சொல்லும்போது இதையும் விடாமல் சொல்ல வேண்டும், அவ்வளவே.

பின்னாட்களில் அந்த விமானங்கள் ஆதிக்குடிச் சமூகங்களுக்கும் பறந்தன, இன்றும் பறக்கின்றன. சேவையின் நோயாளிகளில் கணிசமான பங்கு அவர்கள். கூப்பிடு தூரம் அப்படித்தான் விரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, யாராவது ஒருவர் தட்டிக் கேட்ட பிறகு.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டி விமான நேரம் பார்க்கும்போது, இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? அந்த எண் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் பக்கத்து வீட்டாருக்குத் தெரியுமா? கதவைத் திறக்க யாரிடமாவது மாற்றுச் சாவி இருக்கிறதா? நாம் பறந்து போய்ச் சேருகிற பத்துப் பதினைந்து மணி நேரத்தை நம்மால் குறைக்க முடியாது. அதற்கு முன்னால் இருக்கிற நேரத்தைக் குறைக்க முடியும். ஃபிளினும் டிரேகரும் லூசி கார்லிக்கும் செய்த வேலை அதுதான்.